அப்பா இடித்த மண்

பச்சை சீக்கிரம் வந்துவிட்டது.

ஒரு கையால் கண்ணாடிக் குழாயின் திருகைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழே இருந்த குடுவையைச் சுழற்றியபடி சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். குடுவைக்குள் இருந்தது கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு கலங்கல். அது பச்சையாக மாறும் கணத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் நிறைய விட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதி வழியிலேயே பளிச்சென்று பச்சை.

ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை சுனிதா. ரோஹ்தக் ஊர்க்காரி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கியா ஹுவா? லாட்டரி லகி கியா?" என்றாள்.

லாட்டரிதான். குடுவையில் இருந்தது மயூர் விஹாரில் என் அப்பாவும் அம்மாவும் குடியிருக்கும் கூட்டுறவுக் குடியிருப்பின் மண். இந்தச் சோதனையில் பச்சை சீக்கிரம் வந்தால் மண்ணில் கரிமம் அதிகம் என்று அர்த்தம். அதாவது இலையும் சருகும் மக்கி, மண்ணோடு மண்ணாகிப் போன சத்து அதிகம்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன்.

"என்னளா, வந்துட்டா?"

"வந்துட்டுப்பா. ஒரு சதவீதத்துக்குப் பக்கத்துல இருக்கு. புல்வெளி மண்ணு வெறும் பாயிண்ட் நாலு."

அந்தப் பக்கம் பென்சிலால் கணக்குப் போடும் சத்தம். பிறகு, "ரெண்டு மடங்குக்கு மேல!" என்று ஒரு குரல். போனை வைத்துவிட்டார்.

இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை.

காரா, சருகா

எதற்காக இந்தச் சோதனை என்று சொல்லிவிடுகிறேன்.

குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு நீளமான துண்டு நிலம். நாலைந்து வேப்பமரங்கள். டெல்லியில் வேம்பு பங்குனி வாக்கில் மொத்தமாக உதிர்க்கும். முன்பெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்தப் புகையில் குடியிருப்பு முழுக்க இருமும். கொளுத்தக்கூடாது என்று தடை வந்த பிறகு சருகை மூட்டை கட்டி வெளியே வைத்தார்கள். அதை யாரும் எடுத்துப் போகவில்லை. அப்பாதான் குழி வெட்டி மக்க வைக்க ஆரம்பித்தார். மக்கியதை அந்தத் துண்டு நிலத்திலேயே கொத்திப் போட்டார். மூன்று வருடமாக அதுதான் அவருக்கு ஆபீஸ். காலையில் ஷூ போட்டுக்கொண்டு கீழே இறங்குவார்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒரு காராக இருந்தது இரண்டாகிவிட்டது. சொசைட்டி செயலாளர் மல்ஹோத்ராவுக்கு அந்த நிலத்தின் மேல் கண். டைல்ஸ் போட்டால் கார் நிறுத்தலாம். "அங்கிள்ஜி, மூணு வருஷமா கிளறுறீங்க, அப்படி என்ன மாறிடுச்சு? மிட்டி தோ மிட்டி ஹை" என்று அவர் ஒருநாள் லிஃப்டில் வைத்துச் சொல்லிவிட்டார். மண் மண்தானே என்று.

அப்பாவுக்கு மூக்கின் நுனி சிவந்துவிட்டது. "டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்" என்று சவால் விட்டார். குழிப்பக்கத்து மண் ஒரு பை, முன்பக்கப் புல்வெளி மண் ஒரு பை. புல்வெளியில் எந்த இடம் என்று மல்ஹோத்ராவே காட்டினார். இரண்டையும் நான் சோதிப்பது, முடிவை ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் சொல்வது, பிறகு கை தூக்கி வோட்டு. மண் மாறவில்லை என்றால் டைல்ஸ்.

எனக்கு அந்த வாரம் முழுக்கக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மிச்சத்தை அளப்பது

இந்தச் சோதனை கிட்டத்தட்ட நூறு வருடப் பழசு. நாங்கள் மண்ணின் சத்தை நேராக அளப்பதில்லை. மிச்சத்தைத்தான் அளக்கிறோம்.

பந்தியில் எண்ணி வைத்த வடையை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மிஞ்சியது என்று பார்த்தால் எத்தனை தின்றார்கள் என்று தெரிந்துவிடும். இங்கே வடைக்குப் பதில் டைகுரோமேட் என்ற ஒரு உப்புக் கரைசல். கேசரிப் பவுடரைக் கரைத்தது போல இருக்கும். அதை அளந்து மண்ணில் ஊற்றி, மேலே கந்தக அமிலத்தை விட்டால் குடுவை கொதிக்கிற சூடாகும். மண்ணில் இருக்கும் மக்கு அந்த டைகுரோமேட்டைத் தின்னும். தின்று முடிக்க அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு மிச்சம் எவ்வளவு என்று இன்னொரு கரைசலைச் சொட்டவிட்டுப் பார்ப்பது. சீக்கிரம் பச்சை வந்தால் மிச்சம் கொஞ்சம்தான், அதாவது தின்றது அதிகம்.

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் என் எதிரி. சுனிதா அந்த நேரத்தில் ஸ்வெட்டர் பின்னுவாள், மே மாதத்திலும். நான் வராந்தாவில் நடப்பேன். தண்ணீர் குடிப்பேன். குடுவையை எட்டிப் பார்ப்பேன். மறுபடியும் நடப்பேன்.

"பைட் ஜா யார், ஃபர்ஷ் கிஸ் ஜாயேகா" என்பாள். உட்காரடி, தரை தேய்ந்துவிடும் என்று.

அப்பாவிடம் எண்ணைச் சொன்ன பிறகு, அதே மண்ணை மறுபடியும் மறுபடியும் செய்தேன். ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே வந்தது. ஆனால் எல்லாமே அதிகம்தான். சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. டெல்லி வெயில் மண்ணில் இருக்கும் சத்தையெல்லாம் சுட்டுத் தின்றுவிடும். இந்த ஊர் மண்ணில் அரை சதவீதம் இருந்தாலே நாங்கள் புருவத்தைத் தூக்குவோம். மூன்றே வருடச் சருகில் இவ்வளவா என்று உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

இஸ்திரி போட்ட இலை

இங்கே ஒரு பழைய கதை. தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

அப்போது சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருடமாகியும் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு மூன்றாவதோ நான்காவதோ வகுப்பு. இலைகளைக் காயவைத்து நோட்டில் ஒட்டி வரச் சொன்னார் டீச்சர்.

யாராவது ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டால், அப்பா அதை அளவோடு செய்யமாட்டார். புத்தகத்துக்கு நடுவில் வைத்தால் போதும் என்றாள் அம்மா. அப்பா இலைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, மரத்தடியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவரிடம் போனார். "பையா, அச்சா ஸே சுகா தோ." அண்ணே, நன்றாகக் காயவைத்துக் கொடு என்று.

அவரும் சிரத்தையாகத்தான் தேய்த்தார். இலை அப்பளமாகிவிட்டது. தொட்டால் தூள். அப்பா அசரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பசையைத் தடவி அந்தத் தூளைத் தூவி, கீழே 'அரசு', 'வேம்பு', 'நாவல்' என்று அழகாக எழுதிக் கொடுத்தார். டீச்சர் அந்த நோட்டை ஸ்டாஃப் ரூம் முழுக்கக் காட்டிச் சிரித்தார். நான் அழுதேன். அப்பாவுக்குக் கடைசி வரை எங்கே தப்பு என்று புரியவில்லை.

உலை சொன்ன பதில்

அரிப்புத் தாங்காமல், வேறொரு முறையிலும் பார்த்துவிடலாம் என்று மண்ணை உலையில் வைத்தேன்.

இது இன்னும் எளிய முறை. காய்ந்த மண்ணை ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் எடை போட்டு, மின்சார உலைக்குள் வைத்துப் பல மணி நேரம் சுடுவது. மக்கு எரிந்து போய்விடும். திரும்ப எடை போட்டால் குறைந்திருப்பது மக்கின் எடை. துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் எது அதிகம் எது குறைவு என்றாவது சரியாகச் சொல்லும்.

மறுநாள் கிண்ணங்களை எடுத்து எடை போட்டேன். புல்வெளி மண் குறைய வேண்டிய அளவு குறைந்திருந்தது. அப்பாவின் மண் அதைவிடக் குறைவாகத்தான் எடை இழந்திருந்தது.

தராசைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதேதான்.

குடுவையைக் கேட்டால் அப்பாவின் மண் புல்வெளியைவிட இரண்டு மடங்கு வளம் என்கிறது. உலையைக் கேட்டால் புல்வெளியைவிட ஏழை என்கிறது. ஒரே பையிலிருந்து எடுத்த மண். ஒரு முறை மேலே இழுக்கிறது, இன்னொன்று கீழே தள்ளுகிறது. சுனிதா இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுப் பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். அது மட்டுமே எனக்குப் போதும், பயம் வந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அப்பா என்னம்மா பண்ணுதாவ?"

"நீ சொன்ன நம்பரைப் பெரிசா எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டு வந்துட்டாவ. சிவப்பு மையில."

ரசம்

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. முனிர்காவில் என் அறையில் இருப்புக்கொள்ளவில்லை. மெட்ரோவில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு மயூர் விஹார் போய்ச் சேர்ந்தேன்.

அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். கூட்டத்துக்குத் தயார் செய்துகொண்ட பேச்சை எனக்குப் பாதி ஒப்பித்துக் காட்டினார். நான் ரசம் சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வாயில் பல்லில் நறுக்கென்று ஒரு கடி.

"மண்ணு" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் நாலஞ்சு நாளா நறநறங்குது. மிளகு வாங்குன கடையத்தான் திட்டிட்டு இருந்தேன்." பிறகு மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். "ஏங்க, என் உரல எடுத்தீகளா?"

அப்பா பாத்திரத்தைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்குதேன். மிளகு இடிக்கிற உரல்ல மண்ண இடிச்சீகளா?"

"கழுவித்தான வச்சேன்" என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "நீதானளா பொடியா இருந்தா நல்லதுன்ன?"

கட்டியை உடைத்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன், கையாலோ கட்டையாலோ. அப்பா இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, குழிப்பக்கத்து மண்ணை மட்டும் ரசப்பொடி போல இடித்திருக்கிறார். புல்வெளி மண்ணின் மேல் அவருக்கு என்ன அக்கறை? அதைக் கட்டியாகவே பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அதை நான் ஆய்வகத்தின் பீங்கான் உரலில் பொடித்தேன்.

அம்மாவின் உரல் இரும்பு. ஊரிலிருந்து வந்த பழைய உரல்.

எச்சில் கையோடு எழுந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் திருச்செந்தூர் கோபுரம் போட்ட ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். இடித்ததில் மிச்சத்தை அப்பா ஊறுகாய் பாட்டிலில் வைத்திருந்தார். பழைய ஹிந்திப் பேப்பரை விரித்து, மண்ணைக் கொட்டி, காந்தத்தை அதன் மேல் மெல்ல இழுத்தேன்.

தூக்கிப் பார்த்தபோது கோபுரத்தின் முதுகில் கறுப்பாகச் சின்னத் தாடி முளைத்திருந்தது.

"இது என்னளா?" என்றார் அப்பா.

"இரும்பு. மணல் அரைச்சு அரைச்சு உரல் தேஞ்சிருக்குப்பா."

இரும்புத் தூளும் டைகுரோமேட்டைத் தின்னும். பந்திக்கு அழைக்காமல் வந்து உட்கார்ந்தவன் தின்ற வடையையும் நான் உறவுக்காரர் கணக்கில் எழுதிவிட்டேன். உலையில் அதே இரும்பு காற்றைப் பிடித்துத் துருவாகி, எடையைக் கூட்டிவிட்டது. மக்கு எரிந்து குறைந்ததை அது ஈடுகட்டிவிட்டது. இரண்டு முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் நடுவில் அம்மாவின் உரல் புகுந்துவிட்டது.

"அப்ப நெசமான நம்பர் என்ன?" என்றார் அப்பா.

"புது மண்ணு எடுத்துப் பாக்கணும். குறையும்பா."

"எவ்வளவு குறையும்?"

"தெரியாது."

அம்மா குறுக்கே வந்தாள். "கூட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் சொன்னா என்ன? யாருக்குத் தெரியப் போவுது?"

அப்பா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் ஒரு மரக்கரண்டியையும் பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

பாயிண்ட் ஆறு

புது மண்ணை மறுநாள் பீங்கான் உரலில் பொடித்து, இரண்டு முறையிலும் செய்தேன். இந்தத் தடவை குடுவையும் உலையும் சண்டை போடவில்லை. பாயிண்ட் ஆறு. புல்வெளி பாயிண்ட் நாலு.

என் தொழிலில் அது நல்ல செய்தி. இந்த ஊர் வெயிலில், மூன்று வருடத்தில், வெறும் சருகை வைத்து இது சாதாரணமில்லை. ஆனால் சிவப்பு மையில் கிட்டத்தட்ட ஒன்று என்று படித்துவிட்ட ஜனத்திடம் போய் பாயிண்ட் ஆறு என்றால் யாருக்கு உறைக்கும்? மல்ஹோத்ராவின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். அப்பா வாங்கிப் பேசமாட்டேன் என்றுவிட்டார். "உர்ருனு உக்காந்திருக்காவ. நம்பரச் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டாவ, அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

எனக்கு ஒரே பயம்தான். அப்பா பழைய எண்ணையே கூட்டத்தில் வாசித்துவிட்டால்? எழுந்து மறுக்க வேண்டியது நான். குடியிருப்பு முழுக்கப் பார்க்கப் பெற்ற மகளே அப்பாவைப் பொய்யராக்க வேண்டும். அதற்கு மேல் அவர் அந்த ஷூவைப் போடமாட்டார், எனக்கு அவரைத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாலோ, நான் செய்யும் வேலைக்கு அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ஆரம்பித்துவிட்டது. நோட்டீஸ் போர்டைத் தாண்டித்தான் ஹாலுக்குப் போக வேண்டும். நான்கு குண்டூசிகள் மட்டும் குத்தியபடி இருந்தன. காகிதத்தைக் காணோம்.

அப்பா முன்வரிசையில் இருந்தார். மடியில் ஒரு கனத்த துணிப்பை. மல்ஹோத்ரா அவரைக் கூப்பிட்டதும் எழுந்தார். பையிலிருந்து உரலை எடுத்து மேஜையில் வைத்தார். டொங் என்ற சத்தத்தில், பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"போர்டில் நான் எழுதிய நம்பர் தப்பு" என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். ஒப்பித்து வைத்திருந்த பேச்சு எதுவும் அதில் இல்லை. "இது என் மிஸஸுடைய இமாம்தஸ்தா. இதில் மண்ணை இடித்தேன். இடித்தது நான், தப்பும் என்னுடையது. என் பெண் மேல் தப்பில்லை."

சிரிப்பு எழுந்தது. அப்பா அதைக் கண்டுகொள்ளாமல் பேப்பரை விரித்து, மண்ணைக் கொட்டி, காந்தத்தை இழுத்துத் தூக்கிக் காட்டினார். குழந்தைகள் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியவர்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். சரோஜினி நகர் ஸ்டாஃப் ரூமில் சுற்றிவந்த அந்த நோட்டு என் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குக் காட்டிச் சிரித்தது டீச்சர், இன்றைக்குக் காட்டுவது அப்பாவே.

"தோ அஸ்லி நம்பர்?" என்றார் மல்ஹோத்ரா. அப்படியானால் நிஜ நம்பர் எது என்று.

நான் எழுந்து சொன்னேன்.

"பஸ்? தீன் சால் மே இத்னா ஹி?" மூன்று வருடத்தில் இவ்வளவுதானா என்று.

அப்பா உரலின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

முதல் மாடி பாட்டியா ஆன்ட்டி கையைத் தூக்கினார். வீட்டில் இரண்டு கார். டைல்ஸ் வேண்டும் என்று முதலில் கையெழுத்துப் போட்டவர்.

"புல்வெளி எவ்வளவு சொன்னே, பேட்டா?"

"பாயிண்ட் நாலு, ஆன்ட்டி."

"தோ ஜ்யாதா தோ ஹுவா நா?" என்றார், மல்ஹோத்ராவைப் பார்த்து. கூடியிருக்கிறதல்லவா என்று. குடுவை, உலை, தராசு என்று நான் அந்த வாரம் முழுக்க அலைந்து கண்டுபிடித்தது அவ்வளவுதான். அதையே அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்.

ஆனால் காரை அவர் மறந்துவிடவில்லை. "ஆதா ஆதா கர் லோ" என்று அடுத்த மூச்சில் சொன்னார். பாதி காருக்கு, பாதி அங்கிளுக்கு. பெரும்பாலானோர் அதற்குக் கை தூக்கினார்கள்.

பாதி போச்சே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மேலே போய் அம்மாவிடம் கத்தினேன். அம்மா உரலை வாங்கிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்பா மேலே வரவேயில்லை. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். மல்ஹோத்ரா சுண்ணாம்பால் நிலத்தின் குறுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம், காருக்குப் போகப்போகும் பாதியில், அப்பா குனிந்து மேல்மண்ணை வெட்டித் தகரத் தொட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர்கள் வருவதற்குள் சத்துள்ள மண்ணையெல்லாம் இந்தப் பாதிக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

நான் கீழே ஓடினேன். மூச்சு வாங்க நின்றேன். அப்பா நிமிர்ந்து, மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். பிறகு சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏளா, இது இரும்பு. பரவால்லல்லா?"

"வெட்டலாம்ப்பா. இடிக்கத்தான் கூடாது."

கொடுத்தார். காலில் ஷூ இருந்தது.